சபாவிடம் இருந்த ஒடியல் மா

சபாரத்தினம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மொத்தம் எத்தனை சொல் பேசுவார் என்று லண்டன் நோர்பரியில் ஒருமுறை பந்தயம் கட்டினார்கள். இருபது என்றார் குகதாசன். அவ்வளவு வராது என்றார் செல்வமலர். காலை பதினொரு மணி தொடங்கிப் பின்னேரம் ஐந்து மணி வரை ஆள் மாறி ஆள் விரல் மடித்து எண்ணினார்கள். பதினான்கு வந்தது. அதில் ஒன்பது 'ஓம்'. அன்று முதல் அவருக்கு 'ஓம் சபா' என்று பெயர் விழுந்தது. கோபமோ என்று கேட்டதற்கு "இல்லை" என்றார். அது பதினைந்தாவது.

அவர் பிறந்தது காங்கேசன்துறைப் பக்கம். சிமெந்து ஆலையில் பதினெட்டு வருடம் இயந்திரம் பார்த்தவர். அந்த இரைச்சலுக்குள் நின்று கத்திப் பயனில்லை என்று பேச்சைக் குறைத்துக்கொண்டார், காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டார். எந்த உருளை எந்தக் கிழமை மக்கர் பண்ணும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மூன்று தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது வயது நாற்பதாகியிருந்தது. தனக்கும் ஒரு கலியாணம் பேசலாமே என்று அவர் யோசிக்கத் தொடங்கிய நேரம் எண்பத்துமூன்றுக் கலவரம் வந்துவிட்டது. எண்பத்துநான்கில் லண்டன். தங்கைகள் மெல்பேர்ணில் ஒருத்தி, ஜெர்மனியில் ஒருத்தி, கொழும்பில் ஒருத்தி. லண்டனில் அவருக்கென்று இருந்தவை நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறை, ஸ்ட்ரெதம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை, பிறகு கோடைகால ஞாயிற்றுக்கிழமைகள். இந்த மூன்றில் முதலிரண்டும் இல்லாமல் போயிருந்தாலும் மனிதர் சமாளித்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் செல்வமலருடையவை. செல்வமலர் கணவனை இழந்தவர், பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை, தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான குரல். நோர்பரியில் அவருக்கு ஒரு வீடும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் இருந்தன. மே மாதம் வெயில் எட்டிப் பார்த்ததும் அங்கே பெரிய பானை அடுப்பேறும். ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, நண்டு, றால், மீன்தலை, மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, நிறையப் புளி, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய். கூழை ஒருவருக்கென்று காய்ச்ச முடியாது. காய்ச்சினால் பத்துப் பேருக்குத்தான் காய்ச்ச வரும். ஆறவிட்டும் குடிக்க முடியாது, பசையாகிவிடும். ஆகவே மா கரைத்து ஊற்றுகிற நேரத்தில் செல்வமலர் டெலிபோனை எடுப்பார். ஸ்ட்ரெதத்தில் குகதாசன், தோர்ன்ரன் ஹீத்தில் வசந்தமலர், பக்கத்துத் தெருவில் கணேசலிங்கமும் மனைவியும், கடைக்கு மேலே சபா. அப்டன் பார்க்கில் இருந்து நண்டும் மீனும் கொண்டுவருகிற செபமாலைமுத்து மட்டும் காலையிலேயே வந்துவிடுவார். "கூழ் கொதிக்குது, வாங்கோ" என்பார் செல்வமலர். அவ்வளவுதான் பேச்சு. அரை மணிக்குள் எல்லோரும் அங்கே நிற்பார்கள், பஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

இவர்களில் யாரும் யாருக்கும் சொந்தம் இல்லை. ஒரே ஊர்கூட இல்லை. குளிர்காலம் வந்தால் ஷிப்ட், தடிமன், இருட்டு என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது. மே வந்தால் அதே ஆட்கள், அதே பானை, அவரவர்க்கு அதே இடம். குகதாசனுக்குக் கதிரை, வசந்தமலருக்கு வாசல்படி, சபாவுக்குத் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டி.

இங்கே யாழ்ப்பாணத்தாரின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாத சாப்பாட்டுக்கு அவர்கள் போகமாட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வாருங்கள் என்று மொத்தமாக ஒருமுறை சொல்லிவைத்தால் அது சொன்னதாக ஆகாது. ஒவ்வொரு தடவையும், பெயர் சொல்லி, வாய் திறந்து சொல்ல வேண்டும். வாசனை தெரு முழுக்க அடித்தாலும், பசி காதை அடைத்தாலும், சொல்லாவிட்டால் சொல்லாததுதான். வீட்டுக்குள் இருந்துகொண்டு, என்னை விட்டுவிட்டார்களே என்று மனம் நோவார்களே தவிர, படியிறங்கிப் போய்க் கேட்கமாட்டார்கள். இந்தக் குணத்தால் முறிந்த உறவுகளை எழுதப் போனால் கை வலிக்கும்.

எண்பத்தேழில் ஒரு நாள் சபாரத்தினம் பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபோது ஒரு பழைய சிவப்புக் கார் வந்து நின்றது. பொட்டு வைத்த ஒரு பெண் இறங்கி, அந்தக் காரைத் தமிழில் திட்டிக்கொண்டே காசு கட்ட வந்தார்.

"பின்னுக்கு இடப்பக்கச் சில்லில என்னவோ உரசுது" என்றார் சபா.

பெண் நிமிர்ந்து பார்த்தார். "இங்க உட்கார்ந்துக்கிட்டே கண்டுபிடிச்சீங்களா?"

"ஓம்."

"சத்தத்த வச்சா?"

"ஓம்."

அவர் டாக்டர் சுலோச்சனா. கும்பகோணத்துக்காரர், லண்டனில் ஒரு கல்லூரியின் நிலவறையில் திமிங்கிலங்களின் சத்தத்தை ஆராய்கிறவர். அடுத்த மாதமே சபாரத்தினம் வாரத்தில் மூன்று நாள் அந்த நிலவறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒலிநாடாவைக் கேட்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில் என்ன சத்தம் என்று நீளமான தாளில் எழுத வேண்டும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. இப்படியும் ஒரு வேலை உலகத்தில் உண்டா என்று அவருக்கு நம்பவே சில கிழமை பிடித்தது.

திமிங்கிலம் என்றால் பாட்டு என்றுதான் அப்போது எல்லோருக்கும் தெரியும். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் சூடான கடலுக்குப் போய், சாப்பாட்டையே மறந்து, ஆண்கள் மணிக்கணக்காகப் பாடும். அந்தப் பாட்டைப் பதிவுசெய்ய ஆட்கள் போட்டிபோட்டுக்கொண்டு போனார்கள். சுலோச்சனா போனது கோடையில், அலாஸ்காவுக்கு, அவை சாப்பிடுகிற இடத்துக்கு. பாட்டுக்குக் கூட்டம் சேரும், சாப்பாட்டுச் சத்தத்தை யார் கேட்பார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்களாம். அந்த அம்மா பிடிவாதக்காரர். வருடா வருடம் மே மாதம் புறப்பட்டுப் போய், சின்னப் படகில் குளிரில் விறைத்து, மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, செப்டம்பரில் ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாவோடு திரும்பி வருவார்.

அந்த நாடாக்களில் சபாரத்தினம் கேட்டது பெரும்பாலும் ஒன்றுமில்லை. படகின் மேல் அலை தட்டும் சத்தம், முக்கல், முனகல், வால் அடிக்கும் சத்தம். பிறகு திடீரென்று ஒரு குரல் எழும். பாட்டு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே சுருதியில் நீளமாகப் போய் முடிவில் மட்டும் மேலே ஏறும் ஒரு கூவல். அது கேட்டவுடன் ஹெரிங் மீன்கள் மிரண்டு மேலே ஓடும். கீழே இன்னொரு திமிங்கிலம் வட்டமாகக் காற்றுக்குமிழி விட்டு வேலி போட்டிருக்கும். கூவல் முடிகிற கணத்தில் எட்டு ஒன்பது திமிங்கிலங்கள் வாயைத் திறந்தபடி ஒன்றாகத் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழும். ஒன்று பிந்தாது, ஒன்று முந்தாது. படகில் இருக்கிற சுலோச்சனா ஆங்கிலத்தில் தலை எண்ணுவது நாடாவில் கேட்கும்.

"இதுகள் ஒரே குடும்பமோ டொக்டர்?" என்று சபா ஒருமுறை கேட்டார். அவராக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்படித் தெரியல சார். சொந்தமெல்லாம் இல்ல போல. ஆனா வருஷா வருஷம் அதே ஆளுங்க சேர்ந்துதான் சாப்பிடுதுங்க. அவங்கவங்களுக்கு ஒரு இடம், ஒரு வேலை. கூப்பிடறது மட்டும் எப்பவும் ஒருத்திதான்."

அந்த ஒருத்திக்கு ஆய்வுக்கூடத்தில் முப்பத்தேழு என்று இலக்கம். வாலின் இடது ஓரம் கிழிந்திருக்கும் படம் சுவரில் ஒட்டியிருந்தது. சபாரத்தினம் தன் தாளில் இலக்கம் எழுதவில்லை. அந்தக் குரல் வருகிற இடத்திலெல்லாம் தமிழில் 'செ' என்று ஓர் எழுத்துப் போட்டார். சுலோச்சனா தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்பதை மனிதர் யோசிக்கவில்லை.

"அது என்ன சார், செ?"

சபாவுக்குக் காது சிவந்தது. "செவ்வையான குரல்" என்றார்.

சுலோச்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூழைப் பற்றி அவருக்கு முன்பே கொஞ்சம் தெரியும். திங்கட்கிழமை மதியம் சபாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் நிலவறை முழுக்க வரும் மீன் மணம்தான் அதைச் சொல்லியிருந்தது. ஒரு பெண்ணைத் திமிங்கிலத்தோடு சேர்த்து நினைத்ததற்கு யாரும் சபாரத்தினத்தைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு குரல்மேலும் அவருக்கு ஒரே மரியாதை. அதைக் காதல் என்று எழுதினால் அவர் எழும்பிப் போய்விடுவார். அன்பு என்று எழுதினால் ஓம் என்பார்.

தொண்ணூற்றொன்று கார்த்திகையில் செல்வமலர் கனடாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. ரொறன்ரோவில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பார்க்க ஆளில்லை. வீடு விற்றாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சபாவின் அறைக்கு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் தகரம். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"மா" என்றார் செல்வமலர். "கடைசியா ஊரில இருந்து வந்தது. உம்மட்டை இருக்கட்டும்."

"ஓம்" என்றார் சபா.

செல்வமலர் கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் ஏதோ எதிர்பார்த்தவர் மாதிரி இருந்தது. பிறகு சபாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். சபா தகரத்தை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் வெயில் வழக்கம்போல எட்டிப் பார்த்தது. முதல் ஞாயிறு சபாரத்தினம் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டு, டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். யாராவது சொல்வார்கள். குகதாசன் வீட்டில் நடக்கலாம், கணேசலிங்கத்தாருக்கும் நிலம் இருக்கிறது. யார் காய்ச்சினாலும் மா வாங்க இங்கேதான் வரவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சின்னத் தெம்பு. மூன்று மணி வரை பார்த்துவிட்டுப் பாணும் பருப்பும் சாப்பிட்டார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. ஜூன் வந்தது, போனது. கடையில் வேறு மா வாங்கி அவர்கள் தங்களுக்குள் காய்ச்சிக் குடிக்கிறார்கள், தன்னை விட்டுவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. பேசாத மனிதன், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு இடம் உண்மையாகவே வலித்தது. லண்டனில் எட்டு வருடம் இருந்ததில் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்த நேரம் மட்டும்தான் தான் ஓர் இடத்தில் இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

ஜூலையில் 109ஆம் பஸ்ஸில் குகதாசனைக் கண்டார். குகதாசன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை, வாய் ஓயாத ஆள். அன்று சபாவைக் கண்டும் காணாதவர்போல் ஜன்னலைப் பார்த்தார். ஸ்ட்ரெதம் வந்து இறங்க எழும்பியபோதுதான் திரும்பினார்.

"மா பத்திரமா இருக்குதோ?" என்றார்.

"ஓம்" என்றார் சபா.

"நல்லது. பத்திரமா வைச்சிரும்."

பஸ் கிளம்பியபிறகும் அந்தக் குரலில் இருந்த உறைப்பு சபாவின் காதை விட்டுப் போகவில்லை. பல ஆயிரம் மைல் தூரத்துத் திமிங்கிலத்தின் முனகலுக்கு அர்த்தம் எழுதுகிற மனிதருக்கு, பக்கத்து ஆசனத்துக் குகதாசன் சொன்னது விளங்கவில்லை.

செப்டம்பரில் சுலோச்சனா திரும்பினார். கறுத்து, மெலிந்து, முகம் தொங்கிப்போய் வந்தார்.

"முப்பத்தேழு வரல சார்" என்றார். "கோடை முழுக்கத் தேடினோம். போன வருஷமே கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தா."

சபா சுவரில் இருந்த வாலின் படத்தைப் பார்த்தார்.

"மத்ததுங்க எல்லாம் வந்துச்சு. ஆனா தனித்தனியா. ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. பக்கத்துல பக்கத்துல மேஞ்சும் சேர்ந்து சாப்பிடல. அவ்வளவுதான் போல. கூப்பிடறவ போயிட்டா கூட்டமும் கலைஞ்சிடும்னுதான் எழுதப் போறேன்." நாடாப் பெட்டியை மேசையில் வைத்தார். "கடைசி வாரம் எனக்குக் காய்ச்சல். பசங்கதான் பதிவு பண்ணாங்க. நான் இன்னும் கேக்கல. நீங்க கேட்டு முடிச்சிடுங்க, புத்தகத்த மூடிடலாம்."

சபா கேட்டார். ஜூன் நாடாக்களில் அலை. ஜூலையில் அலை, எங்கோ ஒரு வால் அடிக்கும் சத்தம். அவர் தாளில் எழுத ஒன்றும் இல்லை. இதற்கு முந்தைய வருடங்களில் தாள் முழுக்க நின்ற 'செ' ஓர் இடத்திலும் இல்லை. நாளுக்கு மூன்று நாடா வீதம் இரண்டு கிழமை அப்படிப் போனது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை, கடைசி வாரத்து நாடா ஒன்றில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. யந்திரக் கோளாறு என்று நினைத்துத் திரும்பப் போட்டார். ஒரு குரல். தொடங்கியது, நடுங்கியது, பாதியில் உடைந்து நின்றது. சுருதியும் இல்லை, நீளமும் இல்லை. நான்கு நிமிடம் மௌனம். மறுபடி தொடங்கியது, அதைவிட மோசம். மறுபடி. ஐந்தாவது தடவை கொஞ்சம் நீண்டு, விக்கி, எப்படியோ மேலே ஏறி முடிந்தது. முடிந்த கையோடு தண்ணீர் பிளக்கும் பெரிய சத்தம். ஒன்றல்ல, பல. படகில் இருந்த ஒரு பையன் பரபரப்போடு எண்ணுவது கேட்டது. நான்கு, ஐந்து, ஆறு. கொஞ்சம் பொறுத்து, ஏழு.

சபாரத்தினம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இது கூவிப் பழகிய குரல் இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் கிடந்து, கூவலைக் கேட்டு எழும்பி, சாப்பிட்டுவிட்டுப் போன ஏதோ ஒன்று. யாராவது கூவுவார்கள் என்று மற்றவை எல்லாம் கோடை முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் காத்துக் கிடந்திருக்கின்றன. நன்றாகக் கூவ வேண்டும் என்று அவை கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றும்போது பஸ்ஸில் குகதாசன் கேட்டது அவருக்குள் மறுபடி கேட்டது. மா பத்திரமா இருக்குதோ. இந்த முறை அவருக்கு விளங்கியது. செல்வமலர் மாவைத் தன்னிடம் கொடுத்ததை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். மா யாரிடம் இருக்கிறதோ அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சபாவோ தகரத்துக்குக் காவல் மட்டும் இருந்திருக்கிறார். ஐந்து பேர் மே மாதத்தில் இருந்து தன்னுடைய டெலிபோனுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

சுலோச்சனாவைக் கூப்பிட்டு நாடாவைப் போட்டுக் காட்டினார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது, வாய் சிரித்தது.

"கடவுளே, எவ்வளவு மோசமா கூப்பிடுது."

"மோசம்தான்" என்றார் சபா. "எண்டாலும் வந்திட்டினம்."

அன்று பெற்றோல் நிலையத்து ஷிப்டுக்குப் பதில் ஆள் போட்டார். சனிக்கிழமை பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போய் நண்டு, றால், மீன்தலை, மரவள்ளி வாங்கினார். ஞாயிறு காலை தகரத்தின் பிளாஸ்டரைப் பிரித்தபோது உள்ளே மாவுக்கு மேலே மடித்த தாள் ஒன்று இருந்தது. செல்வமலரின் பெரிய எழுத்து. புளி கூட விடும். மா கடைசியில். கரைச்சு விட்டவுடன சொல்லிப்போடும். அதற்குக் கீழே எல்லோருடைய டெலிபோன் இலக்கமும், யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற ஒழுங்கில் இருந்தது. பத்து மாதம் தன் தலைக்கு மேலே இருந்த கடிதத்தைப் படித்துவிட்டு அவர் அலுமாரியில் சாய்ந்து நின்றார். பிறகு இந்த மனுசி ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருந்தால் என்ன என்று கோபமும் வந்தது. சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டு போயிருப்பார். தோளில் தட்டினாரே.

பன்னிரண்டரைக்கு மா கரைத்து ஊற்றியாயிற்று. மீனில்லாமல் ஒரு சின்னச் சட்டி கூழும் தனியே எடுத்துவைத்தார், வெள்ளிக்கிழமையே வரச் சொல்லியிருந்த சுலோச்சனா சைவம். கொதி எழும்பியதும் அறைக்கு ஓடி டெலிபோனை எடுத்தார். அந்த டெலிபோன் அழைப்பு வந்தால் எடுப்பதற்காக வாங்கியது, அதில் அவராக யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லை. முதல் தடவை இலக்கத்தைத் தவறாக அடித்து ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது தடவை குகதாசன் எடுத்தார்.

"ஆர்?"

வைத்துவிடலாமா என்று கை யோசித்தது.

"நான். சபா."

மறுபக்கம் யாரோ வானொலியைக் குறைத்தார்கள்.

"கூழ்" என்றார். குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "கூழ் கொதிக்குது. வாங்கோ."

"ஆர் காய்ச்சினது?"

"நான்தான். எனக்கு விளங்கேல்லை குகதாசன். மா தந்தது எனக்குச் சொல்லச் சொல்லித்தான் எண்டு எனக்கு விளங்கேல்லை. மேயில இருந்து நானும் இந்தப் போனுக்குப் பக்கத்திலதான் இருந்தனான். ஆறிப்போகுது, கெதியா வாங்கோ."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மறுபக்கம் கொஞ்ச நேரம் குகதாசனின் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சுக் கேட்டு ஆளை அறிகிற சபாவுக்கு அது கோபமில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஓம்" என்றார் குகதாசன்.

கடைக்குப் பின்னால் நிலம் இல்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் கீழே முற்றத்துக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டுத்தான். சபா பெற்றோல் நிலையத்தில் சும்மா கொடுத்த கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டு மேல்படியில் நின்றார். முதலில் வந்தவர் வசந்தமலர், முதியோர் இல்லத்து வேலைச் சட்டையோடு. சபாவைக் கண்டதும் ஏச வாயெடுத்தவர், மணத்தை முகர்ந்துவிட்டு ஏச்சை ஒத்திவைத்தார். பின்னாலேயே குகதாசன். அப்டன் பார்க்கில் இருந்து செபமாலைமுத்து வர ஒரு மணி நேரம் பிடித்தது. நண்டை வேறு இடத்தில் வாங்கியதற்கு அவருக்குத் தனிக் கோபம். கணேசலிங்கத்தார் வீட்டில் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. லெஸ்டருக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார்களாம். கடைசியாகச் சிவப்புக் கார் வந்து நின்றது. சில்லு இன்னும் உரசியது.

படிக்கொருவராக உட்கார்ந்து குடித்தார்கள். கூழில் உப்புக் கூட, பலாக்கொட்டை வேகவில்லை. வசந்தமலர் அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று தம்ளர் குடித்தார். மே முதல் ஞாயிறு வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு மூன்று மணி வரை இருந்தேன் என்றார் வசந்தமலர். குகதாசன் நாலு மணி வரை. செபமாலைமுத்து நண்டே வாங்கி வைத்திருந்தாராம். ஆளாளுக்குத் தங்கள் பட்டினியைச் சொல்லிச் சிரித்தார்கள். சுலோச்சனாவுக்கு இது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கூட்டம் கலைந்துவிடும் என்று ஆய்வுக்கூடத்தில் எழுதி வைத்த ஒன்பது பக்கத்தை இனி மாற்றி எழுத வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"சார், தாள்ல அந்தப் புதுக் குரலுக்கு என்ன எழுத்துப் போட்டீங்க?" என்று காதோடு கேட்டார்.

"ஒண்டும் போடேல்லை" என்றார் சபா. அது பொய் என்பதைத் திங்கட்கிழமை அந்த அம்மா தாளில் பார்த்துக்கொண்டார். முதல் நடுங்கல் வந்த இடத்தில் ஒரு 'ச' இருந்தது, அழித்த அடையாளத்தோடு.

வெயில் இறங்கியபோது குகதாசன் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"செல்வமலரக்கா இல்லை" என்றார். "இனிக் குளிர் வந்திடும். வாற மே மாசம் ஆர் சொல்லுறது?"

எல்லோரும் மேல்படியைப் பார்த்தார்கள். சபாரத்தினம் வாயைத் திறந்தார். வழக்கமான அந்த ஒரு சொல்தான் வரப்போகிறது என்று வசந்தமலர் பழக்க தோஷத்தில் விரலைக்கூட மடித்துவிட்டார்.

"நான் சொல்லுறன்" என்றார் சபா. "முதல் ஞாயிறே சொல்லுவன். ஒவ்வொருதருக்கும் போன் எடுத்துச் சொல்லுவன். நீங்கள் ஒருதரும் காத்திருக்க வேண்டாம்."

வசந்தமலர் எண்ணுவதை விட்டுவிட்டார்.